காரிடார் தொட்டியில மணக்குற டீ ரோஸ் வருமா?

மல்லித்தொட்டி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க சிங்கப்பூர் ஈசூன்ல ஒம்பதாவது மாடி, வாசல் காரிடார்ல கறிவேப்பிலை துளசி மல்லி எல்லாம் நல்லா வருது, ரோஜா மட்டும் படுத்துது. வாங்கும்போது செடி நிறைய மொட்டு, வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்ல இலை மஞ்சளாகி கொட்டிருது, அப்புறம் வர்ற பூ சின்னதா இருக்கு, மோந்து பாத்தா வாசமே இல்ல. மாமியாருக்கு சாமி படத்துக்கு வீட்டுப் பூ வைக்கணும்னு ரொம்ப ஆசை. டீ ரோஸ் நல்லா மணக்கும்னு சொல்றாங்க, நம்ம வெக்கைக்கு அது தாங்குமா, இல்ல குளிர் வேணுமா? உரம் கூட்டணுமா? காரிடார் வடக்கு பாத்தது.

தொட்டிமண்:
குளிரெல்லாம் வேணாம்மா. டீ ரோஸோட மூதாதையில ஒண்ணு மணிப்பூர், மியன்மார், யுனான் பக்கம் காட்டுல ஏறிப் படர்ற பெரிய ரோஜா, இன்னொண்ணு வருஷம் முழுக்க பூக்குற சீனத்து ரோஜா. 1800கள்ல ஐரோப்பாவுக்கு போனப்ப அங்க பனி தாங்காதுன்னு கண்ணாடி வீட்டுக்குள்ள வச்சு வளத்தாங்க. ஆனா நர்சரியில கிடைக்கிறது பெரும்பாலும் ஹைப்ரிட் டீ (டீ ரோஸை வேற ரோஜாவோட சேத்து உண்டாக்கின கலப்பு வகை), 1867ல வந்த லா பிரான்ஸ்தான் அதுல முதல்னு சொல்வாங்க, இந்த வகையில சிலது மணக்கும், சிலது மணக்காது. பொக்கே கட்ட வளக்குற ரோஜாவை வாடாம நிக்கணும்னே தேர்ந்தெடுத்து வளக்குறாங்க, அதுல நிறைய வகைக்கு வாசம் போயே போச்சு, அதுக்கு எவ்வளவு உரம் கொட்டினாலும் வராது. பேரு கேட்டு வாங்குங்க, மிஸ்டர் லிங்கன், டபுள் டிலைட் ரெண்டும் நல்ல மணம். மலேசியா கேமரன் மலையில இருந்து வந்த செடின்னா இலை கொட்டத்தான் செய்யும், ராத்திரிக் குளிர்ல வளந்தது இல்லையா, புதுத் துளிர் வர்ற வரைக்கும் உரமே போடாதீங்க.

மாடிவீடு:
உரத்தை விடுங்க, வெயில் எத்தன மணி நேரம் விழுதுன்னு பாத்தீங்களா சிஸ்டர்? ரோஜாவுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். வடக்கு பாத்த காரிடார்ல ஜூன் பக்கம் வெயில் உள்ள வரும், டிசம்பர்ல சூரியன் தெக்கால போயிரும், அப்ப சுத்தமா நிழல்தான், அந்த மாசங்கள்ல தொட்டியை வெயில் விழுற ஜன்னல் பக்கம் மாத்தியே ஆகணும். இன்னொண்ணு, கூரை இருக்கறதால மழை நனைக்காது, கரும்புள்ளி நோய் கம்மியா வரும் (இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாவே கிடந்தாதான் அது பிடிக்கும்), அதுக்குப் பதிலா சிவப்பு சிலந்தி (இலைச் சாறு உறிஞ்சுற பொடிப் பூச்சி) வந்துரும். இலை மேல ஊசி குத்தின மாதிரி மஞ்சப் புள்ளி இருந்தா ஒரு வெள்ளத் தாளை அடியில பிடிச்சு இலையைத் தட்டுங்க, விழுந்த தூசி நகர்ந்துச்சுன்னா அதேதான். காலையில இலை அடிப்பக்கம் நல்லா தண்ணி பீச்சுங்க, அடுத்தடுத்த நாள் விடாம செய்யணும், அதுலயே பாதி போயிரும், மீதிக்கு வேப்பெண்ணெய், அதுவும் வெயில் இறங்கின பிறகு. தொட்டிக்கு அடியில தட்டு வேணாம், கொசு வந்துரும். நடக்க 1.2 மீட்டர் வழி விட்டு வைங்க.

ரோஜாக்காரி:
மேல சொன்னதெல்லாம் சரி, ஒண்ணு சேத்துக்கிறேன். ஊர்ல செய்ற மாதிரி வருஷத்துக்கு ஒருக்கா முழங்கால் உயரத்துக்கு வெட்டாதீங்க. பழைய டீ வகைக்கு அது ஆகவே ஆகாது, ஹைப்ரிட் டீயா இருந்தாலும் நமக்குக் குளிர்காலமே கிடையாது, செடி தூங்காது, ஒட்ட வெட்டினா திரும்பி வர்றதுக்குள்ள நொந்து போயிரும். பூ வாடினதும் கீழ அஞ்சு சின்ன இலை சேந்த நல்ல இலை இருக்கற கணுவுக்கு மேல வெட்டுங்க, அது போதும்.

மல்லித்தொட்டி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணே. தாள்ல தட்டிப் பாத்தேன், நகருது!! சாமிக்கு பூ எப்ப பறிச்சா மணம் நிக்கும்?

ரோஜாக்காரி:
காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பூ பாதி விரிஞ்சிருக்கும்போது பறிங்க. மத்தியான வெக்கையில வாசம் பறந்துரும், அதே பூவை மூணு மணிக்கு மோந்தா ஒண்ணுமே தெரியாது. ஆனா முதல்ல சிலந்தியைப் பாருங்க, இப்ப இருக்கற மொட்டை எல்லாம் கிள்ளிட்டு செடியைத் தேத்துங்க, பூ அப்புறம் வரட்டும்.