ரயில் பாதையை டிராம் பாதை வெட்டும் இடத்தை எப்படிப் பராமரிக்கிறார்கள்?

பாலக்கோட்டான்:
மெல்பர்னில் படிக்கும் தங்கை மகன், கூயோங் ரயில் நிலையத்தருகே எடுத்த காணொளியை அனுப்பியிருக்கிறான். மின்சார ரயில் ஓடும் தண்டவாளத்தை டிராம் தண்டவாளம் அதே மட்டத்தில் குறுக்கே வெட்டிப் போகிறது. டிராம் கடக்கும்போது தடதடவென்று உதறுகிறது. நம் ஊர் ரயில்வே கேட்டை ஒழுங்காக வைத்திருப்பதே பெரும்பாடு, இதை எப்படிக் கட்டிக் காக்கிறார்கள்? மேலே கம்பியில் இரண்டுக்கும் ஒரே மின்சாரமா?

மொரப்பூர் கேங்மேன் (ஓய்வு):
தம்பி, முதலில் நம் கேட்டைப் பாருங்கள். தண்டவாளத்தின் உள்பக்கம் இன்னொரு இரும்பு ஓடுகிறதே, அதுதான் செக் ரயில். இரண்டுக்கும் நடுவே 51 முதல் 57 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கவேண்டும். சக்கரத்தின் விளிம்பு அதில்தான் போகும். கிரானைட் லாரி போகிற சாலையென்றால் கல் சில்லுகள் அதில் விழுந்து, மழைச் சேறும் சேர்ந்து, வெயிலில் காரை பூசியதுபோல இறுகிவிடும். கடப்பாரை நுனியால் குத்திக் குத்தி எடுத்திருக்கிறேன், உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். எடுக்காமல் விட்டால் சக்கரம் மேலே ஏறிவிடும். அப்புறம் யார் பதில் சொல்வது?

நீங்கள் சொல்லும் இடத்தில் தண்டவாளத்தையே வெட்டி வழி விட்டிருப்பார்கள். அந்த வெட்டுவாயில் ஒவ்வொரு சக்கரமும் ஓர் அடி கொடுத்துவிட்டுத்தான் போகும். நாளடைவில் முனை நசுங்கும், போல்ட் தளரும், அடியிலுள்ள ஜல்லி பொடியும். வெல்டிங் வைத்து முனையை நிரப்பி, அரைத்து மட்டம் செய்யவேண்டும். காணொளியில் கேட்ட தடதட சத்தமே சக்கரம் கொடுக்கும் அந்த அடிதான். எல்லாம் சாலைக்குள் புதைந்திருப்பதால் ஜல்லி கெட்டது மேலே தெரியாது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

ஓசூர் லைன்மேன்:
கம்பியைப் பற்றி நான் சொல்கிறேன். அங்கே ரயிலுக்கு 1500 வோல்ட், டிராமுக்கு 600, இரண்டும் நேர்மின்சாரம். கடக்கும் இடத்துக் கம்பியை மட்டும் தனித் துண்டாகப் பிரித்து வைத்து, யார் முறையோ அவருக்கான மின்சாரத்தை விடுகிறார்கள். நம் ரயில் கம்பியில் 25,000 வோல்ட், அது மாறுமின்சாரம். தண்டவாள அகலமும் அங்கே வேறு வேறு: ரயிலுக்கு 1600 மில்லிமீட்டர், டிராமுக்கு 1435.

பாலக்கோட்டான்:
இவ்வளவு தொல்லை எதற்கு, பாலம் கட்டிவிடலாமே?

ஓசூர் லைன்மேன்:
அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். அதே மெல்பர்னில் இதேபோல டிராம் குறுக்கே போன கார்டினரில் 2016இலும் கிளென் ஹன்ட்லியில் 2023இலும் ரயிலைச் சாலைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள்.

மொரப்பூர் கேங்மேன் (ஓய்வு):
கூயோங்கிலும் இந்த வெட்டும் இடத்தை எடுப்பதற்குள், மருமகனிடம் சொல்லி அந்த வெட்டுவாய் முனையைக் கிட்டத்தில் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்டுக்கு வெளியே நின்று எடுக்கட்டும்.