பராஷாவுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,

உலகச் சமயங்கள் பாடநூலில் யூத இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை கெடு. 'பராஷா'வில் மாட்டிக்கொண்டேன். யூதர்களின் மறையின் முதல் ஐந்து நூல்களான தோராவை 54 பராஷாக்களாகப் பிரித்து ஓய்வுநாள்தோறும் (சனிக்கிழமை) ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். ஓராண்டில் ஐந்து நூல்களும் முடியும். சிம்ஹத் தோரா என்ற திருநாளன்று உபாகமத்தின் கடைசி வரியை வாசித்த கையோடு ஆதியாகமத்தைத் தொடங்கிவிடுவார்கள். 'பகுதி' என்று போட்டேன். 'இவ்வாரப் பகுதியின் இரண்டாம் பகுதி' என்று ஒரு வரி வந்து நின்றது. உதவுங்கள்.

*

அம்மா, இதற்கா அலைகிறீர்கள்? தொல்காப்பியர் எடுத்து வைத்திருக்கிறாரே: ஓத்து. நூலின் உறுப்புகளான சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என்ற வரிசையில் இரண்டாவது. 'நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு' ஓரினப் பொருளை ஓரிடத்தில் வைப்பது. ஓதப்படும் மறைக்கும் அதுவே பெயர். 'மறப்பினும் ஓத்துக் கொளலாகும்' என்பது குறள். அஷ்கெனாசி (நடு, கிழக்கு ஐரோப்பிய மரபு) யூதர் பராஷாவை 'சித்ரா' என்றும் சொல்வர். அதன் வேர்ப்பொருள் ஒழுங்கு, வரிசை. 'நிரல்பட'வை மறுபடி படியுங்கள்!

*

புலவர் ஐயா, சொல் அருமை. ஆனால் நான் வகுப்பில் நிற்கிறவன். 'இந்த வார ஓத்து' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் கடைசி பெஞ்சில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்று, ஓரினப் பொருள் என்பது இங்கே ஒட்டாது. 'நோவா' பராஷா வெள்ளத்தில் தொடங்கி, பாபேல் கோபுரத்தைக் கடந்து, ஆபிரகாமின் தகப்பன் தேராகு ஆரானில் சாவதில் முடிகிறது. தொடக்கத்தில் கண்ணில் படும் சொல்லே பெயர், அவ்வளவுதான். பராஷாவின் வேருக்குப் பிரித்தல் என்று பொருள். 'பிரிவு' போதாதா?

*

பிரிவு என்றால் பாலைத்திணை ஐயா. யார் யாரைப் பிரிந்தார் என்று கேட்பார்கள்.

*

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறுதோறும் 'முதல் வாசகம்' என்கிறோம். சின்னப் பிள்ளைக்கும் புரியும். பராஷா 'திருச்சட்ட வாசகம்', அதற்குப் பின் வரும் ஹஃப்தாரா 'இறைவாக்கினர் வாசகம்'. முடிந்தது வேலை. (அது தொழுகைக்கூடம் அம்மா, ஜெப ஆலயம் அல்ல.)

*

முடியவில்லை. ஓய்வுநாள் காலையில் ஒரு பராஷாவை ஏழாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவராக மேடைக்கு அழைக்கிறார்கள். அவையும் வாசகம்தானே? வாசகத்துக்குள் ஏழு வாசகம் வரும். (எங்கள் வேதாகமத்தில் அது ஜெப ஆலயம்தான்.)

*

யாரும் 'வாரம்' என்று யோசிக்கவில்லையா? வாரம் என்றால் ஏழு நாள். வாரம் என்றால் பங்கு: மேல்வாரம், குடிவாரம். சிலம்பில் 'வாரம் பாடுந் தோரிய மடந்தை' வருகிறாள், அங்கே பாட்டு. பராஷாவையும் இராகம் போட்டுத்தான் வாசிக்கிறார்கள். தோராச் சுருளில் உயிரெழுத்துக் குறியும் இல்லை, இசைக்குறியும் இல்லை. இரண்டையும் வாசிப்பவர் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். நாள், பங்கு, பாட்டு மூன்றும் ஒரே சொல்லில்! இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு நேற்றிரவு தூக்கமில்லை.

*

பங்கு வாரம் தமிழ், ஏழு நாள் வாரம் வடமொழி. இரண்டையும் ஒரு சட்டியில் போட்டுக் கிண்டக்கூடாது. வேண்டுமானால் 'கிழமை' என்று வையுங்கள்; உரிமைப் பொருளும் கிடைக்கும்.

*

கிழமையோ வாரமோ, ஒரு சிக்கல். யூத நாட்காட்டியில் 19 ஆண்டுக்கு 7 முறை பதின்மூன்றாம் மாதம் வரும். அது வராத ஆண்டுகளில் ஓய்வுநாட்கள் போதாமல், சில பராஷாக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வாசிப்பார்கள். 'வயக்ஹேல்', 'பெகூதே' அப்படி ஒரு ஜோடி. அம்மா அங்கே 'இந்த வாரம் இரண்டு வாரம்' என்று எழுத வேண்டிவரும்.

*

அந்த வரி நிஜமாகவே என் இயலில் இருக்கிறது. வெள்ளி மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. 'பராஷா' என்றே விட்டு, முதல் இடத்தில் மட்டும் 'வார வாசகப் பகுதி' என்று விளக்கம் போட்டு அனுப்பிவிட்டேன். நால்வர் தனிமடலில் சரி என்றார்கள். அனைவருக்கும் நன்றி.

*

நான் ஐந்தாமவன் அல்ல. கிரந்த 'ஷா' எதற்கு? 'பராசா' என்றாவது எழுதியிருக்கலாம். அப்புறம், ஹஃப்தாராவின் வேர் முடித்தலைக் குறிப்பது. 'நிறைவோத்து' என்று இன்றிரவு ஒரு கட்டுரை அனுப்புகிறேன்.