உதவிக்கு வந்தவளை நானே அனுப்பிவிட்டேனா?

கேள்வி:
எங்கள் சபை ஞாயிறு பள்ளியில் 9 வருடமாகச் சின்னப் பிள்ளைகள் வகுப்பை நான்தான் எடுக்கிறேன். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு சமாளிக்க முடியவில்லை. ஆராதனையில் மூன்று முறை அறிவிப்புக் கொடுத்தும் யாரும் வரவில்லை. கடைசியில் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை தானாகவே வந்தாள். மனப்பாட வசன அட்டைகளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். ரொம்பத் தாழ்வாக இருக்கிறதே என்று அத்தனையையும் பிரித்து, மேலே ஏற்றி ஒட்டிக்கொண்டிருந்தேன். விட்டுப்போன பையை எடுக்க வந்தவள் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டாள். இரண்டு வாரமாக வகுப்புப் பக்கம் வரவில்லை. எதிரே பார்த்தால் சிரிக்கிறாள், அவ்வளவுதான். அவளிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?

பதில் 1:
சகோதரி, பொதுவாக அறிவித்தால் அடுத்தவர் போவார் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பந்தி விசாரணையில், அதாவது தினமும் உணவு பகிர்ந்து கொடுப்பதில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அந்த வேலைக்குச் சபையார் தேர்ந்தெடுத்த ஏழு பேருக்கும், ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை, கிரேக்கப் பெயர்கள். குறை இருந்த பக்கத்தவரிடமே பொறுப்பு போனது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அப்போஸ்தலர் ஜெபித்து, கைகளை வைத்து, ஒப்படைத்தார்கள். அந்தத் தங்கைக்கும் ஒரு பகுதியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.

பதில் 2:
அக்கா, நானும் அந்தத் தங்கை மாதிரி இருந்தவள்தான். கொயரில் ஒரு நாள் எதுவும் சொல்லாமல் என் மைக்கைத் தள்ளி வைத்தார்கள். சுருதி சேரவில்லை என்று சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பேன். ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. அதனால் நலம் விசாரித்துச் சுற்றி வளைக்காதீர்கள், நேராக அட்டையைப் பற்றியே பேசுங்கள்.

பதில் 3:
அம்மாவின் நிலைமை சபையில் யாருக்காவது தெரியுமா? கலாத்தியர் 6இல் 2ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது, 5ஆம் வசனம் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டிலும் 'பாரம்' என்றே இருக்கிறது. கிரேக்கத்தில் முதலாவது 'பாரோஸ்', ஆளை அழுத்தும் சுமை. இரண்டாவது 'போர்டியோன்', அவரவர் தூக்கிப்போகும் மூட்டை. உங்களுடையது முதல் வகை, மற்றவர்கள் சேர்ந்து சுமக்க வேண்டியது. வாரத்தில் ஒரு ராத்திரி அம்மா பக்கத்தில் இருக்க யாரையாவது கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நேற்று அவளைப் பார்த்தேன். அட்டையைப் பற்றியே ஆரம்பித்து மன்னிப்புக் கேட்டேன். "பிள்ளைங்க கண்ணுக்கு நேரா இருக்கட்டும்னுதான் கீழே ஒட்டினேன் அக்கா" என்றாள். 9 வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. சரி, இனிமேல் பாட்டும் வசனமும் அவள் பொறுப்பு. அம்மாவைப் பற்றியும் சொன்னேன். வெள்ளிக்கிழமை ராத்திரி அவளும் அவள் அம்மாவும் வருகிறார்கள்.