போன்சாய் தொட்டியில பாசி காயுது, பொடக்காளியில பாசி வழுக்குது: என்ன பண்ணலாமுங்க?

பேரூர்_தோட்டம் (கேள்வி):
வணக்கமுங்க. ஆலமர போன்சாய் (தொட்டியில குட்டையா வளக்குற மரம்) ரெண்டு தொட்டி இருக்குது. மேல்மண்ணுல பச்சையா பரவட்டும்னு காம்பவுண்டு சுவத்துப் பாசியைப் பேத்து வச்சா, கொஞ்ச நாள்லயே பழுப்பாகி வெள்ளையா உப்புப் பூத்துருது. காலையில, சாயங்காலம் போர் தண்ணி ஊத்துறோம். வெயில் பதினொரு மணி வரைக்கும் படும். ஆனா வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளி சிமெண்டுத் தரையில பாருங்க, கேக்காமயே ஏறி வழுக்குது. வீட்டுல வயசானவங்க இருக்காங்க. ஆசிட் ஊத்தித் தேய்ச்சாலும் சீக்கிரமே திரும்ப வந்துருது. ரெண்டுக்கும் வழி சொல்லுங்க.

செம்மண்_தொட்டி:
தொட்டியில கோளாறு தண்ணிதானுங்க. பாசிக்கு வேர் கிடையாது. அடியில இருக்கிற இழையெல்லாம் மண்ணைப் பிடிச்சுக்க மட்டும்தான். தண்ணியை இலை வழியாவே உறிஞ்சுது. போர் தண்ணி காய்ஞ்சதும் அதுல இருந்த சுண்ணாம்பும் உப்பும் இலை மேலயே தங்கிடும். நீங்க பாக்குற வெள்ளை அதுதான். தினம் ரெண்டு வேளைன்னா தினம் ரெண்டு பூச்சு ஏறுது.

மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்க. சிறுவாணிக் குழாய்த் தண்ணி வந்தா வாளியில ராத்திரி முழுக்கத் திறந்து வச்சு, குளோரின் வாடை போனப்புறம் ஊத்தலாம். ஆர்ஓ மெஷின் கழிச்சு விடுற தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம். போர் தண்ணியை விட உப்பு அதிகம். பழுப்பானதைத் தூக்கி எறியவும் வேண்டாமுங்க. காய்ஞ்ச பாசி பெரும்பாலும் செத்திருக்காது, நல்ல தண்ணி பட்டா பச்சை திரும்பும். உப்புப் படிஞ்சதை மட்டும் கழிச்சுடுங்க.

புதுசா வைக்கிறப்போ, மழை விட்ட மறுநாள் நிழல் சுவத்துல பட்டித் தகட்டை (பெயிண்டர் பட்டி பூசுற தகடு) நுழைச்சு, அடிமண்ணு ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஒட்டுறாப்புல எடுங்க. சலிச்ச செம்மண் 2 பங்கு, ஆத்து மணல் 1, நல்லாக் கழுவுன காயர் பித் (தேங்காய் நார்த்தூள்) 1 கலந்து, தொட்டி மேல ஒரு சென்டிமீட்டர் பரப்பி ஈரமாக்கிக்கோங்க. பித்தைக் கழுவாம போட்டா அதுலயும் உப்பு இருக்குது. பாசியை அரை இஞ்சுத் துண்டாக் கிள்ளி வச்சு, விரலால நல்லா அழுத்துங்க. அடியில காத்து இடைவெளி இருந்தா ஓரம் சுருண்டு மேல தூக்கிக்கும். முக்காவாசிப் பேருக்கு இங்கதான் வீணாப் போகுது. மொத நாலு வாரம் ஸ்பிரேயர்ல பனி மாதிரி அடிச்சாப் போதும், ஊத்தக் கூடாது.

வெயில் காலையில ஒன்பது மணிக்கு மேல பட வேண்டாம். அதை விட மோசம் காத்து. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஒரே நாள்ல உலர்த்திடும். ஐப்பசி, கார்த்திகையில ஆரம்பிங்க.

மரத்தடியில சுத்தி அரை இஞ்சு பாசி இல்லாம விடணும், இல்லைன்னா பட்டை மேல ஏறி ஈரத்துலயே வச்சிருக்கும். மேல பச்சையா இருக்குதுன்னு உள்ளயும் ஈரம் இருக்குதுன்னு நம்பிடாதீங்க. மூங்கில் குச்சியைச் சொருகிப் பாத்து மரத்துக்குத் தண்ணி விடுங்க. யூரியா, டிஏபி மாதிரி உரம் பாசி மேல பட்டாக் கருகிடும்.

கொத்தனார்_குறிப்பு:
பொடக்காளிக்கு வர்றேனுங்க. ஆசிட்தான் அங்க எதிரி. அது சிமெண்டை அரிச்சு மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கிடும். அந்தக் குழியிலெல்லாம் ஈரமும் தூசியும் தங்கும், அடுத்த பாசி இன்னும் உறுதியாப் பிடிக்கும்.

மொதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க. டேங்க் வழிஞ்சு வர்றது, வாஷிங்மெஷின் குழாய், குழாயடிச் சொட்டு, இதுல ஏதாவது ஒண்ணு இருக்கும். தரைக்குப் பத்தடிக்கு ஒண்ணேகால் இஞ்சாவது வாட்டம் (சரிவு) வேணும். பள்ளத்துல தண்ணி நின்னா எந்த மருந்து போட்டாலும் பாசி வரத்தான் செய்யும்.

தேய்க்கிற முறை: வெயில் நாள்ல காய விட்டுச் சுரண்டியால மொத்தமாச் சுரண்டி எடுத்துடுங்க. பச்சையா இருக்கிறப்போ மருந்து ஊத்துனா மேல்படை மட்டும் வெளுத்து அடி உயிரோட இருக்கும். அப்புறம் 10 லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்கி, தெளிய விட்டு, மேல்தண்ணியை மட்டும் ஊத்துங்க. இருபது நிமிசம் கழிச்சு கெட்டி பிரஷ்ல தேய்ச்சுக் கழுவி விடுங்க. பவுடர் பழசாகிக் கட்டி தட்டியிருந்தா வேலை செய்யாது. கழுவுன தண்ணி செடிப்பாத்திக்கும் கெணத்துக்கும் போகக் கூடாது.

முக்கியமா, ஆசிட் ஊத்துன தரையில அதோட பிளீச்சிங் சேரவே கூடாதுங்க. குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும். முந்தி ஆசிட் ஊத்தியிருந்தா நெறையத் தண்ணி விட்டுக் கழுவி, ரெண்டு மூணு நாள் விட்டுச் செய்யுங்க. வயசானவங்க நடக்கிற வழியில சொரசொரப்பு டைல்ஸோ, கடப்பாக்கல்லுன்னா கொத்துன கல்லோ போட்டுடுங்க. வழவழப்புக் கல்லு மேல மெல்லிசாப் பாசி படிஞ்சாலும் கால் நிக்காது.

பேரூர்_தோட்டம்:
ரொம்ப நன்றிங்க. சுவத்துல பாசி பத்தலை. மோர்ல அரைச்சுத் தடவுனா வரும்ங்கறாங்களே? வால்பாறைப் பக்கமிருந்து கொண்டாரலாமா?

செம்மண்_தொட்டி:
மோர் வேண்டாமுங்க. நம்ம வெக்கைக்குப் பூஞ்சணமும் எறும்பும்தான் மொதல்ல வரும். காய்ஞ்ச பாசியைக் கையால நொறுக்கி, ஈரமண்ணு மேல தூவி, லேசா அழுத்தி, நிழல்ல வச்சு ஸ்பிரே பண்ணிட்டே வாங்க. துண்டு துண்டாவே முளைக்கும், ரெண்டு மாசம் பொறுத்தாப் பச்சை தெரியும்.

வால்பாறையைச் சுத்தி ஆனைமலைப் புலிகள் காப்பகம். காட்டுல இருந்து எடுக்கிறது சட்டப்படி குத்தம். மலைக்குளிர்ல வளந்தது கீழ வெக்கையில நிக்கவும் செய்யாது. நர்சரியில பாக்கெட்டுல வர்ற ஸ்பேக்னம்ங்கிற பாசி காய வச்சது. ஆர்க்கிட் வேருக்கு ஈரம் காக்கத்தான், தரையில பச்சை விரிப்பாகாது. பக்கத்து வீட்டு வடக்குச் சுவத்துல இருக்கும், கேட்டுட்டுச் சுரண்டிக்கோங்க. அது நம்ம ஊர் வெயிலுக்குப் பழகுன பாசி.