புதுப்பிப்பு: கார்டெக்ஸ் எம்0-க்கு ஜிசிசியா கிளாங்கா
16 கேபி ஃபிளாஷ், 4 கேபி ரேம் இருக்கிற எஸ்டிஎம்32எஃப்030எஃப்4 சிப்புக்கு (இதோட ப்ராசசர் கோர்தான் கார்டெக்ஸ் எம்0) எந்த கிராஸ் கம்பைலர், அதாவது கம்ப்யூட்டர்ல ஓடி சிப்புக்கான மெஷின் கோடை உருவாக்குற கம்பைலர், எடுக்கலாம்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, ஜிசிசி, கிளாங் ரெண்டு கம்பைலரையும் எங்க நிஜ கோடை வச்சே ஓட்டிப் பாத்தாச்சு, ஜிசிசிதான். பெஞ்ச்மார்க் நம்பரை மட்டும் நம்பாதீங்க, அசெம்பிளி லிஸ்டிங்கை (கம்பைலர் உருவாக்கின சிப் கட்டளைகளோட பட்டியலை) கண்டிப்பா திறந்து பாருங்க. எம்0-ல வகுத்தலுக்கு ஹார்ட்வேர் இன்ஸ்ட்ரக்‌ஷனே கிடையாது, ஃப்ளோட்டுக்கும் (தசம எண் கணக்குக்கும்) கிடையாது, ரெண்டுமே லைப்ரரி ஃபங்‌ஷனா உள்ள வந்து ஃபிளாஷைத் தின்னுது, அதனால எங்களுக்கு கம்பைலரை விட அதோட வர்ற லைப்ரரிதான் சைஸை முடிவு பண்ணுச்சு. நியூலிப் நானோங்கிற சின்ன சைஸ் சி லைப்ரரிக்கு மாத்தினதும், டெக்ஸ்டை அச்சிடற பிரிண்ட்எஃப் நல்லாவே சுருங்கிடுச்சு. கிளாங்கோட வார்னிங் மெசேஜ் அவ்வளவு தெளிவா இருக்குங்க, அதுக்காகவே அதையும் பில்டுல கூட வச்சிருக்கேன். இன்டரப்ட் லேட்டன்சியை (இன்டரப்ட் சிக்னல் வந்ததுலருந்து அதுக்கான கோடு ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் ஆகுற நேரத்தை) இப்ப ஆசிலாஸ்கோப்ல அளந்துட்டு இருக்கேன், முடிஞ்சதும் போடறேன்.