கட்டுமர மாடல்: ஒட்டலாமா, கட்டத்தான் வேண்டுமா?

உளிமுனை:
பாய் விரித்த கட்டுமரம் ஒன்றை 1:20 அளவில் செய்ய உட்கார்ந்திருக்கிறேன். அசல் 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மாடல் 35 செ.மீ. வரும், அலமாரிக்கு அது போதும். கடைகளில் விற்பதெல்லாம் ஒரே தடிமனில் நாலு கட்டையை வைத்து ஆணியடித்து, பளபளவென்று வார்னிஷ் பூசியதுதான், அந்த மாதிரி வேண்டாம். மரங்களை ஒட்டிவிட்டு மேலே கயிறு சுற்றினால் போதுமா? தேங்காய் நார் இந்த அளவுக்கு விளக்குமாறு மாதிரி நிற்கிறது, அதற்கு என்ன செய்வது?

கரைக்காற்று:
தம்பி, ஒட்டாதீங்க. கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியாகக் கரையில் காயப்போடுவோம், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். ஒவ்வொரு மரமும் தனியாக எடுத்தாலும் முழுசாக இருக்கணும். நடுமரம் கொஞ்சம் தாழ்ந்து, பக்க மரங்கள் ஏறி இருக்கும். அணியத்தில், அதாவது முன்முனையில், மேல்நோக்கி வளைந்த துண்டுகளைத் தனியாகச் செதுக்கிச் சேர்க்கணும். இடுக்கை எதையும் வைத்து அடைக்காதீங்க, அலை மேலே ஏறினாலும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் இறங்கும், அதனால்தான் பலகைப் படகு நிரம்பிப்போகிற அலையிலும் கட்டுமரம் தாண்டுகிறது. முதலில் எந்தக் கரையின் கட்டுமரம் என்று முடிவு பண்ணுங்க. மூன்று மரமும் உண்டு, ஐந்தும் உண்டு, நாகப்பட்டினம் பக்கம் பறவைக்கோலா மீன் பிடிக்கப் போன கோலாமரத்தில் ஏழு. ஒன்றோடு ஒன்றைக் கலந்தால் பார்க்கிற மீனவர் சிரிப்பார்.

சின்னரம்பம்:
அண்ணன் சொல்வது அசலுக்குச் சரி, ஆனால் அலமாரியில் வைக்கும் மாடலில் பருத்தி நூல் நாளாக ஆகத் தளரும், மழைக்காலத்தில் மரமும் உப்பிச் சுருங்கும். குறுக்குக்கட்டைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பொட்டு பசை வைத்தால் பாவம் இல்லை. நாரை விட்டுவிடுங்கள். 2 செ.மீ. கயிறு இந்த அளவில் 1 மி.மீ., அந்தத் தடிமனில் பருத்தி நூலை எடுத்து டீ டிகாஷனில் முக்கிக் காயவைத்து, மெழுகில் இழுத்தால் பிசிறு படிந்துவிடும். மரத்துக்கு வெட்பாலை கிடைத்தால் விடாதீர்கள், கர்நாடகத்துச் சென்னபட்டணாவில் பொம்மை கடைந்து செய்கிற அதே மரம், இழை அவ்வளவு நெருக்கம். தேக்கின் ரேகை இந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியும். பாய்க்குப் பழைய வேட்டி. தையல் மெஷின் பக்கம் மட்டும் போகாதீர்கள், 4 மி.மீ. தையல் அசலில் 8 செ.மீ. ஆகிவிடும்! துணிப்பட்டைகள் சேரும் இடத்தைப் பென்சிலால் மெல்லக் கோடு போட்டால் போதும்.

கரைக்காற்று:
பசையைப் பற்றி நான் சொன்னதுதான் :) ஆனால் பாயைப் பற்றி ஒன்று, நிறையப் பேர் கப்பல் மாதிரி பாய்மரத்தை உயரமாக நட்டுவிடுகிறார்கள். நம்முடையது முக்கோணப் பாய். பாய்மரம் குட்டை, சற்றுச் சாய்ந்திருக்கும், பாயைக் கட்டுகிற குறுக்குக் கழியான பருமல்தான் நீளம். பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிற்றைப் பின்னால் இருப்பவர் கைக்கு எட்டுகிற மாதிரி கொண்டுவாங்க. காற்று பக்கவாட்டில் தள்ளாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்குகிற பலகையையும் மறக்காதீங்க, அது இல்லாத பாய் மாடல் எனக்குப் பொம்மைதான்.

உளிமுனை:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஐந்து மரம், பசை இல்லாமல் கட்டிப் பார்க்கிறேன், தளர்ந்தால் அந்தப் பொட்டு. அப்புறம், பாய்க்குச் சாயம் ஏற்றலாமா, வெள்ளையாகவே விடலாமா?

கரைக்காற்று:
மரப்பட்டைச் சாயம் ஏற்றிய பழுப்பு. உங்க டிகாஷன் மிச்சம் இருந்தால் அதிலேயே முக்குங்க.