ரெக்ரியேஷனும் வெல்னஸும் சேர்ந்து ஒரே துறையாயிடுச்சு, பொறுப்பு என்கிட்ட. எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

காலை_ஷிஃப்ட்:

வணக்கம். எங்க பல்கலைக்கழக ஜிம்ல 11 வருஷமா இருக்கேன். படிக்கும்போது வாசல் மேசையில பகுதிநேர வேலை, அப்புறம் ஃபிட்னஸ் வகுப்புகளோட ஒருங்கிணைப்பாளர். போன மாசம் நலவாழ்வுப் பிரிவை எங்களோட இணைச்சு என்னை இயக்குநரா போட்டுட்டாங்க.

ஜிம், நீச்சல்குளம், துறைகளுக்குள்ள நடக்குற போட்டிகள், கிளப் அணிகள் எல்லாம் ஒரு பக்கம். தூக்கம், மன அழுத்தம், குடி, பாலியல் நலம்னு மாணவர்களோட பேசுற நாலு பேர் இன்னொரு பக்கம். ரெண்டு பக்கத்தையும் ஒரே மேசையில உட்கார வச்சா, ஆளுக்கு ஒரு திசையைப் பார்க்கிறாங்க.

மேலிடம் என்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: மாசத்துக்கு எத்தனை கார்டு ஸ்வைப்? ஒரே பையன் தினம் ரெண்டு வேளை வந்தா அவனே 60 ஆயிடுறான்.

போன வாரம் சாயங்காலம் எடைப் பயிற்சிக் கூடத்தோட கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பொண்ணு நின்னுட்டு இருந்தா. தோள்ல பை, கையில கார்டு. உள்ளே பார்த்தா, கார்டைப் பார்த்தா, மறுபடி உள்ளே பார்த்தா. அப்படியே திரும்பிப் போயிட்டா. நான் எழுந்து போறதுக்குள்ள படி இறங்கிட்டா. நான் அனுப்புற எந்த அறிக்கையிலயும் அவ இல்ல. அது எனக்கு மனசை அறுக்குது.

முதல் ஆறு மாசத்துல எதைக் கையில எடுக்கணும்? இந்தப் பொறுப்புல இருந்தவங்க சொல்லுங்க.

பழைய_விசில்:

தங்கச்சி, 22 வருஷம் இந்த நாற்காலியில இருந்துட்டு ஓய்வு வாங்கினவன் நான். அந்தப் பொண்ணுக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்க கட்டடத்துல ஏ.இ.டி., அதான் இதயம் திடீர்னு நின்னா ஷாக் கொடுக்குற கருவி, எங்க இருக்கு? ராத்திரி எட்டு மணிக்கு அதை எடுக்க எந்தப் பூட்டைத் திறக்கணும்?

நான் பொறுப்பேத்த ரெண்டாம் வருஷம், கூடைப்பந்து ஆடிட்டு இருந்த பையன் ஒருத்தன் நடு மைதானத்துல சரிஞ்சு விழுந்தான். கருவி அலுவலகத்துக்குள்ள இருந்துச்சு. அலுவலகம் பூட்டியிருந்துச்சு. சாவி வச்சிருந்த மேற்பார்வையாளர் குளத்துப் பக்கம். எதிரணியில நர்ஸிங் படிக்கிற பொண்ணு ஒருத்தி ஓடி வந்து நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சதால அவன் பிழைச்சான். எங்க ஏற்பாட்டால இல்ல. சி.பி.ஆரும், அதாவது இப்படி நெஞ்சை அழுத்துற முதலுதவியும், ஷாக்கும் கிடைக்காத ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். நாங்க சாவி தேடின நிமிஷங்களை இன்னும் மறக்க முடியல.

மறுநாளே கருவி சுவருக்கு வந்துச்சு, பூட்டு இல்லாம. அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை முன்னறிவிப்பு இல்லாம ஒத்திகை. ஒரு பொம்மையைத் தரையில போடுவேன், ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். மூணு நிமிஷத்துக்குள்ள கருவியோட பேட் நெஞ்சுல ஒட்டியிருக்கணும். நிமிஷத்துக்கு 100லிருந்து 120 அழுத்தம், ஆழம் குறைஞ்சது 5 செ.மீ. இதைச் செய்யப்போறது நீங்களோ நானோ இல்ல, மறுநாள் பரீட்சையை வச்சுக்கிட்டு ஷிஃப்ட் பார்க்குற 19 வயசுப் பிள்ளைங்க. நம்ம துறைன்னு சொல்றதே அவங்களைத்தான். திட்டம், தொலைநோக்குன்னு எழுதச் சொன்னா எழுதிக் கொடுங்க. ஆனா உங்க நேரத்தை அந்தப் பிள்ளைங்களைப் பழக்குறதுல போடுங்க.

இப்போ கதவுக்கிட்ட நின்ன பொண்ணு. எனக்கும் அப்படிப் பல பேர். ஒரு பையனைத் துரத்திப் பிடிச்சுக் கேட்டேன். "எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கு சார், எனக்கு அந்த மெஷின்ல சீட்டை எப்படி ஏத்துறதுன்னு கூடத் தெரியாது"ன்னான். அவன் தயங்கினது வெறும் ஒரு ஊசிக்கு, சீட்டுக்குக் கீழ இழுத்து மாட்டுவோமே, அதுக்கு. கண்ணாடிச் சுவருக்கு நேரா இருந்த லேசான டம்பெல்களையும் ரெண்டு பெஞ்சையும் பக்கத்து அறைக்கு மாத்தினோம். வாரத்துல மூணு சாயங்காலம் அங்க புதுசா வர்றவங்களுக்கு மட்டும் அனுமதி. கூட ரெண்டு மாணவர் ஊழியர்கள், அவங்க வேலையே சீட்டை ஏத்திக் காட்டுறதுதான்.

மேலிடத்துக்கு ஸ்வைப் எண்ணிக்கையைக் கொடுங்க, வேண்டாம்னு சொல்லல. கூடவே இன்னொரு தாளும் போகட்டும்: இந்தப் பருவத்துல ஒரு தடவையாவது வந்தவங்க எத்தனை பேர்? முதலாண்டு, ஆராய்ச்சி மாணவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வெளியில தங்கிப் படிக்கிறவங்கன்னு பிரிச்சுப் போடுங்க. எந்தக் கட்டம் காலியா இருக்கோ அங்கதான் உங்க வேலை. நிர்சான்னு நம்ம தொழிலுக்கு அமெரிக்காவுல ஒரு சங்கம் இருக்கே, அது 1950ல நியூ ஆர்லியன்ஸ்ல, டில்லார்ட் பல்கலைக்கழகத்துல தொடங்கினது. வில்லியம் வாஸன் கூட்டினார். கறுப்பின மாணவர்களுக்கான 11 கல்லூரிகள்ல இருந்து 22 பேர் வந்தாங்க, ஆண்களும் பெண்களுமா. வெள்ளையர் கல்லூரிகளோட கதவு அந்த மாணவர்களுக்கு மூடியிருந்த காலம் அது. உள்ளே வராதவங்களைப் பத்தி யோசிக்கிறதை இந்தத் தொழில்ல ஓரத்து வேலையா நான் பார்க்கல.

இரவு_விளக்கு:

நான் ஆற்றுப்படுத்துநர். எங்கள் வளாகத்திலும் இதே இணைப்பு நடந்தது, அதனால் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

இரண்டு அணிகளையும் கூட்டம் போட்டு இணைக்க முயலாதீர்கள். ஒரு மாணவரை முன்னால் வைத்துப் பேசச் சொல்லுங்கள். எங்களுக்கு அது ட்ரெட்மில்லில் தினமும் மூன்று மணி நேரம் ஓடிய ஒரு மாணவி. பெயரும் அடையாளமும் சொல்லாமல்தான் பேசினோம். கணுக்காலில் கட்டோடும் ஓடினாள். வாசல் மேசைப் பையன் அதை இரண்டு மாதமாகப் பார்த்திருக்கிறான். யாரிடம் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. என்னிடம் அவள் வந்தபோது உணவுக் கோளாறு முற்றியிருந்தது. அன்று ஜிம் ஊழியர்களும் நாங்களும் முதல்முறையாக ஒரே கேள்வியைக் கேட்டோம்: அந்தப் பையன் என்ன சொல்லியிருக்கலாம்?

உடல் எடையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். "கால் தாங்கித் தாங்கி நடக்குறீங்க, எப்படி இருக்கீங்க?" அவ்வளவுதான். பிறகு எங்களில் ஒருவரிடம் கூட்டி வரலாம். பயிற்சிக் கூடத்தின் நடுவில் இருந்த எடை பார்க்கும் கருவியை மறைவான அறைக்கு மாற்றினோம், கலோரிப் பலகைகளைக் கழற்றினோம். இப்போது நிமிடங்களில் பேசுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். வகுப்புக்குப் போகும்போது ஏறும் மாடிப்படியும் சேரும் என்று சொன்னால், ஜிம் பக்கமே வராத மாணவரின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். என்னிடம் வருகிறவரின் பெயர் உங்கள் மேசைக்கு வரக்கூடாது. உங்கள் ஸ்வைப் பதிவு பெயரோடு என்னிடம் வரக்கூடாது. ஒரே துறை ஆகிவிட்டோம் என்பதற்காக அந்தச் சுவரை இடித்தால் மாணவர்கள் இரண்டு பக்கமும் வரமாட்டார்கள்.

ஆழம்_6அடி:

குளத்தையும் பாருங்க மேடம். சாயங்காலம் அஞ்சுலருந்து எட்டு வரை எல்லா லேனையும் கிளப் அணி எடுத்துக்குதான்னு அட்டவணையில பாருங்க. நீந்தத் தெரியாதவங்களுக்கு மத்தியானம் ரெண்டு மணின்னு போட்டா, அந்நேரம் எல்லாருக்கும் வகுப்பு. ஒரு லேனையாவது மீட்டுக் கொடுங்க.

அப்புறம், தண்ணிக்குள்ள மூச்சடக்குற போட்டியை யார் நடத்தினாலும் நிறுத்துங்க. வேகவேகமா மூச்சு வாங்கிட்டு உள்ளே போனா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சிடும். மூச்சு முட்டுற உணர்வே வராது, முன்னறிகுறி இல்லாம மயங்கிடுவாங்க. நல்லா நீந்துறவங்கதான் இதுல மாட்டுறாங்க.

காலை_ஷிஃப்ட்:

எல்லாருக்கும் நன்றி. விசில் அண்ணா, உங்க கேள்வியைப் படிச்சுட்டு அன்னைக்கு ராத்திரி தூங்கல.

வியாழக்கிழமை எட்டரைக்கு, யாருக்கும் சொல்லாம பொம்மையைத் தரையில போட்டேன். ஸ்டாப்வாட்சை நலவாழ்வுப் பிரிவுல இருக்குற அக்கா ஒருத்தங்க கையில கொடுத்திருந்தேன். 4 நிமிஷம் 40 விநாடி. எங்க கருவிக்குப் பூட்டு இல்ல. ஆனா அலமாரிக் கதவைத் திறந்ததும் அலாரம் அலறும்னு ஷிஃப்ட்ல இருந்த பையனுக்கு யாருமே சொல்லல. சத்தம் கேட்டதும் ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு கதவை மூடிட்டான். கை நடுங்கிடுச்சு அவனுக்கு. முடிஞ்சதும் அந்த அக்கா அவன் பக்கத்துலயே தரையில உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க. எங்க ஜிம் பயிற்றுநர் ரெண்டு பேரும் வந்து உட்கார்ந்தாங்க.

பக்கத்து அறை டம்பெல் யோசனையை அவங்கதான் இப்போ அளந்துட்டு இருக்காங்க. லேன் அட்டவணை மேசையில விரிச்சிருக்கு. அடுத்த ஒத்திகை செவ்வாய்க்கிழமை, குளத்துல.